மின்னியல் மாணவருக்கு எந்த மல்டிமீட்டர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் இவ்வாண்டு கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மின் மற்றும் மின்னணுப் பொறியியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். வோல்ட், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று சொந்தமாக இருந்தால் நல்லது என்று மூத்த மாணவிகள் சொன்னார்களாம். கடையில் 250 ரூபாய்க்கும் காட்டினார்கள். 1,500 ரூபாய்க்கும் காட்டினார்கள். 7,000 ரூபாய்க்கும் காட்டினார்கள். எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும் என்கிறார் கடைக்காரர். இரண்டாயிரத்துக்கு மேல் எங்களால் இயலாது. எதை வாங்குவது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, அம்மா. ஒரு 9 வோல்ட் பேட்டரியை அந்த மூன்று மீட்டர்களாலும் அளந்து பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். வேறுபாடு வெளிப்படுவது உங்கள் மகள் மீட்டரைத் தவறாகப் பொருத்திவிடும் நாளில்தான். மின்னியல் படிக்கிறவர்களில் அந்தத் தவறை ஒருமுறையாவது செய்யாதவர் அரிது என்பதால், விலையைப் பற்றிய பேச்சை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

250 ரூபாய்க்குக் காட்டியது பெரும்பாலும் 830 என்ற எண்ணைத் தாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் மீட்டராக இருக்கும். அதில் ப்ரோப், அதாவது தொட்டு அளக்கும் முனையுள்ள ஒயர், செருக மூன்று துளைகள் உண்டு. கறுப்பு ப்ரோப்புக்கு ஒன்று, வோல்ட்டும் ஓமும் சிறு மின்னோட்டமும் அளக்க ஒன்று, 10 ஆம்பியர் வரை அளக்க ஒன்று. அந்த மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் ‘ஃப்யூஸ் இல்லை’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தத் துளைக்கும் கறுப்புத் துளைக்கும் நடுவே உள்ளே இருப்பது வளைத்துப் பற்றவைத்த ஒரு தடித்த கம்பி மட்டுமே. அதன் மின்தடை ஓம் கணக்கில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். சிவப்பு ப்ரோப் அந்தத் துளையில் இருக்கும்போது, அதை மறந்து, சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் வோல்டேஜ் பார்க்கப் போனால், 230 வோல்ட்டின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைத்ததற்குச் சமம். அளவைத் தேர்ந்தெடுக்கும் குமிழ் 750 வோல்ட் நிலையில் இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் அந்தத் துளை குமிழைக் கேட்டு வேலை செய்வதில்லை.

நான் மாணவனாக இருந்தபோது இதை முறையாகச் செய்து பார்த்தவன். காலையில் ஒரு சார்ஜரின் மின்னோட்டத்தை அளந்தேன். மதியம் உணவு முடித்து வந்து அதே மீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வைத்தேன். பட்டாசு வெடித்தது போன்ற ஓர் ஒலி எழுந்தது, அறை இருண்டது, சிவப்பு ப்ரோப்பின் முனை பட்டாணி அளவுக்கு உருண்டு திரண்டிருந்தது. மின்னோட்டம் எல்லை மீறினால் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழுந்ததால் கை தப்பியது.

முதலாண்டுதானே, பேட்டரியோடு விளையாடப் போகிறாள் என்று எண்ண வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரிகளில் முதலாண்டுச் செய்முறை வகுப்பிலேயே வீட்டு ஒயரிங், மாடிப்படி விளக்கு ஒயரிங், சால்டரிங் ஆகியவை வந்துவிடும். அதோடு, மின்னியல் படிக்கும் பெண் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் ‘இந்த ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது, பார்’ என்று சொல்லாத குடும்பமும் இல்லை. ஆகவே அவள் மீட்டர் மெயின் லைனைத் தொடாமல் இருக்கப்போவதில்லை.

இதற்காக நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 10 ஆம்பியர் துளைக்கும் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அந்த ஃப்யூஸ் கண்ணாடிக் குழாயாக இல்லாமல் உள்ளே மணல் நிரப்பிய பீங்கான் குழாயாக இருந்தால் மிக நன்று, ஏனெனில் பெரிய ஷார்ட் சர்க்யூட்டில் கண்ணாடி ஃப்யூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி வளைவு தொடரக்கூடும், மணல் அதை அணைத்துவிடும். இரண்டாவது, மீட்டரின் முகப்பில், துளைகளுக்கு அருகில் அச்சிட்டிருக்கும் ‘கேட்’ வகை. கேட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையடுத்து இரண்டு, மூன்று, நான்கு என்று ரோமன் எண் ஒன்றும், பிறகு 300, 600, 1,000 என்று வோல்ட் அளவும் இருக்கும். கேட் 2 என்றால் பிளக்கில் செருகும் சாதனங்கள் வரை. கேட் 3 என்றால் வீட்டின் மெயின் போர்டு, நிலையான ஒயரிங், மூன்று ஃபேஸ் மோட்டார் ஆகியவை. கேட் 4 என்றால் மின்வாரியக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடம்.

இந்த வகைப்பாடு எதற்கு என்றால், மெயின் லைனில் 230 வோல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அருகில் எங்கோ மின்னல் விழுந்தாலோ பெரிய மோட்டார் நின்றாலோ, நொடியின் மிகச் சிறு பின்னத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் துள்ளி எழும். கேட் 2 வகையில் 600 வோல்ட் மீட்டர் 4,000 வோல்ட் துள்ளலையும், கேட் 3 வகையில் 600 வோல்ட் மீட்டர் 6,000 வோல்ட் துள்ளலையும் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. உங்கள் மகளுக்கு கேட் 3, 600 வோல்ட் கிடைத்தால் அதுவே உத்தமம். கிடைக்காமல் கேட் 2 மட்டும் கிடைத்தால், மெயின் போர்டின் பக்கம் அந்த மீட்டரைக் கொண்டுபோகக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு வாங்கலாம். ஆனால் அச்சிட யாருக்கும் காசு அதிகம் ஆவதில்லை. 300 ரூபாய் மீட்டரின் நெற்றியில் கேட் 3, 1,000 வோல்ட் என்று எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். எனவே டி.யு.வி., யு.எல்., இன்டர்டெக் போன்ற வெளிச் சோதனை நிறுவனம் ஒன்றின் முத்திரை இருக்கிறதா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சி.இ. என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட சான்றாகவே இருக்கும்.

அடுத்து, எண்கள். 250 ரூபாய் மீட்டர் 1999 வரைதான் எண்ணும்; இதைக் கடைகளில் 2000 கவுன்ட் என்பார்கள். 199.9 வோல்ட்டைத் தாண்டியதும் அது புள்ளியைக் கைவிட்டுவிடும் என்பதால் 230 வோல்ட்டை ஒரு வோல்ட் படியில்தான் காட்டும். 6000 கவுன்ட் மீட்டர் 230.4 என்று காட்டும். பிழையளவையும் சேர்த்துப் பாருங்கள். ஏ.சி. வோல்டேஜுக்கு 1.2 விழுக்காடும் கடைசி இலக்கத்தில் 10-ம் என்று மலிவு மீட்டரின் தாளில் எழுதியிருந்தால், 230-க்கு 2.8 வோல்ட்டும் அதோடு 10 வோல்ட்டும் சேர்ந்து ஏறத்தாழ 13 வோல்ட் இப்படியோ அப்படியோ போகலாம். அதாவது உண்மையில் 230 வோல்ட் இருக்கும்போது 217 என்று காட்டினாலும் மீட்டர் தன் வாக்கைக் காப்பாற்றியதாகவே கணக்கு. விழுக்காட்டை மட்டும் படித்துவிட்டு அந்தக் கூட்டல் எண்ணை விட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை.

உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் இருக்க வேண்டும். இது ஏன் என்பதை உங்கள் மகளே அரை மணி நேரத்தில் சோதித்துக்கொள்ளலாம். ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராக இணைத்து 9 வோல்ட் பேட்டரியின் குறுக்கே கட்டினால், நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். 10 மெகா ஓம் மீட்டர் 4.29 என்று காட்டும். உள்ளீடு ஒரு மெகா ஓம் மட்டுமே உள்ள மலிவு மீட்டர் சரியாக 3 வோல்ட் காட்டும். சர்க்யூட்டில் எந்தக் கோளாறும் இல்லை. மீட்டரே மூன்றாவது ரெசிஸ்டராக உள்ளே புகுந்துகொண்டது. சோதனைக்கூடத்தில் ‘தியரி ஒன்று, பிராக்டிகல் ஒன்று’ என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ!

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கெபாசிட்டர் அளவீடு இருக்கட்டும்; நம் வீட்டு சீலிங் ஃபேன்களில் இருப்பது பெரும்பாலும் 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர்தான், அது தளர்ந்தால் ஃபேன் சோம்பும். டிரான்சிஸ்டர் செருகும் வட்டத் துளை, வெப்பநிலை அளவீடு ஆகியவற்றுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். ஆட்டோ ரேஞ்ச், அதாவது அளவு வரம்பை மீட்டரே தேர்ந்தெடுப்பது, வசதியானது, ஆனால் முதலாண்டு மாணவி ரேஞ்சைத் தானே தேர்ந்தெடுத்துப் பழகுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. இரண்டில் எது நல்ல ஃப்யூஸோடு வருகிறதோ அதை எடுங்கள். 9 வோல்ட் பேட்டரியைவிட பென்சில் பேட்டரியில் ஓடும் மீட்டர் விடுதி வாழ்க்கைக்குத் தோதானது. எந்த பேட்டரியானாலும், திரையில் பேட்டரிச் சின்னம் தோன்றிய பிறகு காட்டும் எண்ணை நோட்டில் எழுதக் கூடாது. மலிவு மீட்டர்களில் அப்போது அளவு உண்மையைவிட உயர்ந்து தெரியும்.

மெக்கோ, குசம்-மெக்கோ, ஹெச்.டி.சி., யூனி-டி, மாஸ்டெக் ஆகிய பெயர்களில் உங்கள் தொகைக்குள் மீட்டர்கள் கிடைக்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்குள்ளேயே பாதுகாப்பு வகை மாறும் என்பதால், பெயரை நம்பாமல் மேலே சொன்ன எழுத்துகளைப் படித்துத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளூக் 101 என்ற சிறிய மீட்டரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். கேட் 3, 600 வோல்ட் தரத்தில் உறுதியான கருவி. உங்கள் தொகையைத் தாண்டும் என்பது ஒரு பக்கம் இருக்க, மின்னோட்டம் அளக்கும் வசதியே அதில் கிடையாது. ஆகவே நான் செய்த விபத்துக்கும் அதில் இடமில்லை. எலெக்ட்ரீஷியனுக்கு அது போதும். ஓம் விதியை அளந்து படிக்க வேண்டிய மாணவிக்குப் போதாது.

கடையில் வாங்கும்போது, சென்னை ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். ப்ரோப் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஓம் பார்த்தால் 0.5-க்குள் வர வேண்டும். ஒயரை அடியில் வளைத்து ஆட்டும்போது எண் தாவினால் ப்ரோப் சரியில்லை. கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று ஒலியால் சொல்லும் கன்டினியூட்டி நிலையில் ஒரு முனையால் மறு முனையை உரசினால் பீப் ஒலி உடனுக்குடன் வர வேண்டும். யோசித்து யோசித்து ஒலிக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு கேபிளில் இருபது கம்பிகளைத் தேடுவது பொறுமைக்கே சோதனை. மூன்றாவதாக, பின்மூடியைக் கழற்றி ஃப்யூஸைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ‘ட்ரூ ஆர்.எம்.எஸ்.’ என்று எழுதிய மீட்டருக்குக் கூடுதலாக 800 ரூபாய் கேட்கிறார்கள். அது அவசியமா, விளம்பரமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: முதலாண்டில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், பவர் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஆண்டில் கேட்பதால் வாங்குங்கள் என்கிறேன். ஆர்.எம்.எஸ். என்பது, அதே வெப்பத்தைத் தரக்கூடிய டி.சி.-க்குச் சமமான ஏ.சி. மதிப்பு. சாதாரண மீட்டர் ஏ.சி. அலையை நேராக்கி, அதன் சராசரியை எடுத்து, 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கல் சைன் அலைக்கு மட்டுமே பொருந்தும்.

விளக்கை மங்கலாக்கும் ட்ரையாக் டிம்மர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அரை அலையிலும் முதல் பாதியை, அதாவது 90 பாகை வரை, அது வெட்டிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், பல்புக்குப் போகும் உண்மையான ஆர்.எம்.எஸ். மதிப்பு 230-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் 163 வோல்ட். சராசரி சரிபாதியாகக் குறைந்துவிடுவதால் சாதாரண மீட்டர் 115 வோல்ட் என்று காட்டும். நூற்றுக்கு முப்பது அளவுக்குக் குறைவு! அதை வைத்துத் திறனைக் கணக்கிட்டால், வோல்டேஜின் இருமடி வருவதால், விடை உண்மையில் பாதிக்கு இறங்கிவிடும். சதுர அலையில் இதற்கு நேர்மாறாக 11 விழுக்காடு கூடுதலாகக் காட்டும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல மீட்டர்களின் ஏ.சி. அளவீடு 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான் உறுதியளிக்கப்பட்டது. சிலவற்றில் 1,000 ஹெர்ட்ஸ் வரை. கிலோ ஹெர்ட்ஸ் கணக்கில் சுவிட்ச் ஆகும் இன்வெர்ட்டரின் வெளியீட்டில் ப்ரோப்பை வைத்துவிட்டு, ட்ரூ ஆர்.எம்.எஸ். வாங்கியும் எண் பொருந்தவில்லையே என்று வருந்தக் கூடாது. அங்கே அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்தான் பேச வேண்டும்.

கேள்வி: தாத்தா ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய முள் மீட்டர் இன்னும் ஓடுகிறது. டிப்ளமோ படிக்கும் எனக்கு அதுவே போதாதா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. முள் மீட்டரின் பரம்பரை பெரியது. 1923-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடியின் வடிவமைப்பில் வெளிவந்த ஏவோமீட்டர்தான் ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது. அந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயருமாயின. மெல்ல ஏறி இறங்கும் வோல்டேஜைக் கண்ணால் பின்தொடர்வதற்கு இன்றும் முள்ளே சிறந்தது. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் ப்ரோப்பை வைத்ததும் முள் தாவிச் சென்று மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தே அது உயிரோடு இருக்கிறதா என்று உங்கள் தாத்தா சொல்லியிருப்பார்.

குறை எங்கே என்றால், அதன் முகப்பில் 20 கிலோ ஓம் ஒரு வோல்ட்டுக்கு என்று பொறித்திருக்கும். 10 வோல்ட் ரேஞ்சில் அதன் மொத்த மின்தடை 200 கிலோ ஓம்தான். விருதுநகர் வாசகருக்குச் சொன்ன அந்த இரண்டு ரெசிஸ்டர் சோதனையை இதில் செய்தால், 4.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முள் 1.3-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். இன்னொரு பொறியும் உண்டு. இத்தகைய முள் மீட்டர்கள் பெரும்பாலானவற்றில், ஓம் நிலையில் கறுப்பு ப்ரோப்தான் பாசிட்டிவ், டிஜிட்டலில் சிவப்பு. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர் நல்ல டயோடைக் கெட்டது என்று குப்பையில் போட்டுவிட வாய்ப்புண்டு.

கேள்வி: எங்கள் வீட்டில் சுவிட்சை அணைத்த பிறகும், எங்கும் இணைக்காமல் விட்ட ஒரு ஒயரில் புதிய மீட்டர் 70 வோல்ட் காட்டுகிறது. மீட்டர் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம்; மீட்டர் நல்லது என்பதற்கே இது அடையாளம். ஒரே குழாய்க்குள் மின்சாரம் உள்ள ஒயரோடு ஒட்டிச் செல்லும் வெறும் ஒயர், அதனுடன் சேர்ந்து ஒரு சிறு கெபாசிட்டர் ஆகிவிடுகிறது. உங்கள் மீட்டரின் 10 மெகா ஓம் வழியாக அந்த 70 வோல்ட் செலுத்துவது 7 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. தாத்தாவின் முள் மீட்டராக இருந்தால் அதைக் கண்டுகொண்டே இருக்காது. இப்படிப்பட்ட போலி வோல்டேஜை மாய வோல்டேஜ் என்கிறோம். சில மீட்டர்களில் இதற்கென்றே குறைந்த மின்தடை நிலை ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அது மாயம்தான் என்று உறுதிப்படும் வரை அந்த ஒயரை மின்சாரம் உள்ளதாகவே கருதுங்கள். மீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான பாயிண்டில் வைத்துப் பார்த்து, பிறகு சந்தேகமான ஒயரில் பார்த்து, மறுபடியும் உறுதியான பாயிண்டில் வைத்து அது இன்னும் சரியாகவே காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. நியான் டெஸ்டர் மாய வோல்டேஜுக்கும் லேசாக ஒளிரும் என்பதால், அதை வைத்து வாதிட வேண்டாம்.

கேள்வி: மல்டிமீட்டருக்குப் பதிலாக, ஒயரைத் தாடையால் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கினால் மின்னோட்டத்தைத் தொடாமலே அளக்கலாமே?
– மாணவர், ஓசூர்

பதில்: பணிக்குப் போகும்போது வாங்குங்கள், படிக்கும்போது அது இரண்டாவது கருவிதான். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பெரும்பாலும் ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், மில்லி ஆம்பியர் அளவுகளில் அவற்றை நம்ப முடியாது, நீங்கள் சோதனைக்கூடத்தில் தேடுவதோ பெரும்பாலும் டி.சி. மில்லி ஆம்பியர். அயர்ன் பாக்ஸின் முழு ஒயரையும் தாடைக்குள் விட்டால் பூஜ்யம் காட்டும், ஏனெனில் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஃபேஸ் ஒயரை மட்டும் பிரித்து விட வேண்டும். ஏற்கெனவே கையில் கிளாம்ப் மீட்டர் இருந்து, சிறிய ஏ.சி. மின்னோட்டம் ஒன்றை அளந்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒற்றை ஒயரைத் தாடையைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு, திரையில் வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.